எதிர் இருமடி விதியும் மூன்று பரிமாணங்களும்: எது காரணம், எது விளைவு?

#1 தொடுகோடு

மேல்நிலை வகுப்புகளுக்கு ஈர்ப்பியல் நடத்தும்போது, ஈர்ப்பு விசை தூரத்தின் இருமடிக்கு எதிர்த்தகவில் இருப்பதை நான் கோளத்தின் மேற்பரப்பைக் கொண்டே விளக்குவது வழக்கம். ஒரு நிறையிலிருந்து எல்லாத் திசைகளிலும் சமமாகப் புறப்படும் விசைக்கோடுகள், தூரம் இரண்டு மடங்காகும்போது நான்கு மடங்கு பரப்பில் பரவுகின்றன. ஆகவே ஓரலகுப் பரப்பைக் கடக்கும் கோடுகள் நான்கில் ஒரு பங்காகக் குறைகின்றன. மூன்று பரிமாண வெளியில் கோளத்தின் மேற்பரப்பு இரண்டு பரிமாணங்களைக் கொண்டிருப்பதால்தான் அந்த அடுக்கு இரண்டாகிறது. நான்கு பரிமாண வெளியாக இருந்திருந்தால் மும்மடி விதி கிடைத்திருக்கும்.

இமானுவேல் கான்ட் 1747 இல் எழுதிய தம் முதல் நூலில் இந்தத் தொடர்பை எதிர்த்திசையில் வைத்தார். பொருள்கள் ஒன்றின்மீது ஒன்று செலுத்தும் விசை இருமடி விதியைப் பின்பற்றுவதால்தான் வெளிக்கு மூன்று பரிமாணங்கள் அமைந்தன என்பது அவருடைய கருத்து. இன்று நாம் வெளியை முதலில் வைத்து, விசையை அதிலிருந்து பெறுகிறோம்.

இந்த இழையில் இரண்டு கேள்விகளை முன்வைக்கிறேன். பரிமாண எண்ணிக்கை மாறினால், விசை விதியின் அடுக்கைத் தவிர வேறு எவையெல்லாம் அடிப்படையிலேயே மாறுகின்றன? அந்த மாற்றங்களைக் கொண்டு, வெளிக்கு ஏன் மூன்று பரிமாணங்கள் என்பதை விளக்கிவிட்டதாகக் கூற முடியுமா?

#2 ஊசல்

முதல் கேள்விக்கு முறையான விடை தேடியவர் லைடன் நகரில் பணியாற்றிய பால் எரென்ஃபெஸ்ட். இயற்பியலின் அடிப்படை விதிகளில் வெளியின் மூன்று பரிமாணங்கள் எந்த வகையில் வெளிப்படுகின்றன என்பதையே 1917 இல் ஒரு கட்டுரையின் தலைப்பாக வைத்து அவர் எழுதினார். அதிலுள்ள கோள்களின் கணக்கைப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் பின்தொடர முடியும் என்பதால் சற்று விரிவாகவே தருகிறேன்.

மைய விசையின்கீழ் இயங்கும் கோள், வெளிக்கு எத்தனை பரிமாணங்கள் இருந்தாலும், ஒரே தளத்துக்குள்தான் சுற்றும். அந்தத் தளத்தில் கோண உந்தம் மாறாது. ஆகவே கோளோடு சேர்ந்து சுழலும் பார்வையில் தோன்றும் மையவிலக்கு விசை, எந்தப் பரிமாண வெளியிலும் தூரத்தின் மும்மடிக்கு எதிர்த்தகவில்தான் இருக்கும். ஈர்ப்போ பரிமாண எண்ணிக்கையைவிட ஒன்று குறைவான அடுக்கில் இருக்கும். இந்த இரண்டுக்கும் இடையிலான போட்டியே சுற்றுப்பாதையின் தலைவிதியை முடிவு செய்கிறது.

மூன்று பரிமாணங்களில் ஈர்ப்பு இருமடி, மையவிலக்கு மும்மடி. கோள் சற்று உள்ளே சென்றால் மையவிலக்கு ஓங்கி அதை வெளியே தள்ளுகிறது. சற்று வெளியே சென்றால் ஈர்ப்பு ஓங்கி அதை உள்ளே இழுக்கிறது. ஒரு விண்கல்லோ பக்கத்துக் கோளோ சிறிது அசைத்தாலும் பாதை குலையாததற்கு இதுவே காரணம். நான்கு பரிமாணங்களில் இரண்டு விசைகளும் மும்மடியாகிவிடுகின்றன. அவை மிகச் சரியாகச் சமப்பட்டால் வட்டப்பாதை கிடைக்கும். ஆனால் அந்தச் சமநிலையை மீட்டெடுக்க எதுவும் இல்லாததால், மிகச் சிறிய உந்துதலும் கோளைச் சூரியனுக்குள் சுருள விடும் அல்லது முடிவில்லாத தொலைவுக்கு அனுப்பிவிடும். ஐந்திலும் அதற்கு மேலும் நிலைமை தலைகீழ்: உள்ளே நகர்ந்தால் ஈர்ப்பு ஓங்கும், வெளியே நகர்ந்தால் மையவிலக்கு ஓங்கும்.

அணுவுக்கும் இதே நிலைதான். குவாண்டம் இயக்கவியலில் எலெக்ட்ரானை ஒரு சிறிய இடத்துக்குள் அடைத்தால் அதன் இயக்க ஆற்றல் அந்த இடத்தின் அளவின் இருமடிக்கு எதிர்த்தகவில் உயர்கிறது. எலெக்ட்ரான் அணுக்கருவுக்குள் விழாமல் காப்பது அந்த உயர்வே. ஐந்து பரிமாணங்களில் மின் நிலையாற்றல் மும்மடிக்கு எதிர்த்தகவில் ஆழமாகிக்கொண்டே போவதால் இந்தக் காப்பு தோற்றுவிடுகிறது, எலெக்ட்ரானுக்கு அடிநிலை என்று ஒன்றே இல்லாமல் போகிறது. நான்கு பரிமாணங்களில் இரண்டும் இருமடியாக நின்று, அணுக்கருவின் மின்னூட்டம் ஓர் எல்லையைத் தாண்டுகிறதா என்பதைப் பொறுத்து முடிவு அமைகிறது. சாதாரணமான வேதியியல் இரண்டு நிலையிலும் இல்லை.

இரண்டு பரிமாணங்களில் பாதைகள் நிலையானவை. ஆயினும் நிலையாற்றல் தூரத்தின் மடக்கையாக வளர்ந்துகொண்டே போவதால், எவ்வளவு வேகத்தில் எறிந்தாலும் எந்தப் பொருளும் தப்ப முடியாது. விடுபடு வேகம் என்ற கருத்தே அங்கு இல்லை. மேலும் பெர்ட்ராண்ட் 1873 இல் நிறுவியபடி, கட்டுண்ட பாதைகள் எல்லாமே தம்மீது மீண்டும் மூடிக்கொள்வது இருமடி விதியிலும் சுருள்வில் விதியிலும் மட்டும்தான். இரண்டு பரிமாணக் கோள் ஏறத்தாழ வட்டமான பாதையில் சென்றால், அதன் மிக அருகிய புள்ளியிலிருந்து மிகத் தொலைவான புள்ளி 180 பாகைக்குப் பதிலாக ஏறத்தாழ 127 பாகையில் வந்துவிடும். கெப்ளர் கண்ட நீள்வட்டம் அங்கு அமையாது.

#3 கூர்ங்கோணம்

நண்பர் ஊசல் தந்த கணக்கு சரியானது. அதிலிருந்து எவ்வளவு தூரம் போகலாம் என்பதில்தான் எனக்குத் தயக்கம். பரிமாண எண்ணிக்கையை மாற்றும்போது வேறு எதை மாற்றாமல் வைத்துக்கொள்கிறோம் என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். இங்கே காஸ் விதி (விசைக்கோடுகள் பரப்பில் பரவும் கணக்கு), நியூட்டனின் இயக்க விதி, ஷ்ரோடிங்கர் சமன்பாடு (குவாண்டம் இயக்கவியலின் அடிப்படைச் சமன்பாடு) ஆகிய மூன்றும் அப்படியே இருக்க, பரிமாணம் மட்டும் மாறியிருக்கிறது. அந்த மூன்றையும் நாம் கற்றுக்கொண்டது மூன்று பரிமாண உலகில்தான்.

இந்தத் தேர்வு எவ்வளவு முக்கியம் என்பதற்கு அவர் கூறிய இரண்டு பரிமாண உலகமே போதுமான சான்று. நியூட்டன் வழியில் விரித்தால் அங்கே ஈர்ப்பிலிருந்து தப்பவே முடியாது. ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலை அதே உலகுக்கு, அதாவது இரண்டு இடப் பரிமாணமும் ஒரு காலப் பரிமாணமும் கொண்ட உலகுக்கு விரித்தால், ஓய்விலிருக்கும் இரு நிறைகள் ஒன்றையொன்று ஈர்ப்பதே இல்லை. காலவெளியின் வளைவை முழுமையாக விவரிக்க அங்கே 6 எண்கள் வேண்டும். அந்த ஆறையும் அவ்விடத்தில் இருக்கும் பருப்பொருளே நிர்ணயித்துவிடுகிறது. பொருள் இல்லாத இடத்தில் வளைவும் இல்லை. நிறை தன்னைச் சுற்றி ஒரு கூம்பு வடிவத்தை மட்டுமே உண்டாக்குகிறது. நம் உலகில் வளைவுக்கு 20 எண்கள் வேண்டும். பருப்பொருள் அவற்றில் 10 ஐ மட்டுமே நேரடியாக நிர்ணயிக்கிறது. எஞ்சிய 10 வெற்றிடத்திலும் வாழ்கின்றன. சூரியனின் ஈர்ப்பு பூமியை எட்டுவதும் ஈர்ப்பு அலைகள் பயணிப்பதும் அவற்றின் வழியாகத்தான். ஆகவே ஒரே பரிமாண எண்ணிக்கைக்கு, ஒரு விதி முடிவில்லாத சிறையையும் மற்றொரு விதி ஈர்ப்பே இல்லாத நிலையையும் தருகிறது.

இரண்டாவது தயக்கம், காரணம் என்ற நிலையைப் பற்றியது. நான்கு பரிமாணங்களில் கோள்களும் அணுக்களும் நிலைக்காது என்றால், அங்கே இந்தக் கேள்வியைக் கேட்க எவரும் இருக்க மாட்டார்கள் என்பது கிடைக்கிறது. வெளி மூன்று பரிமாணங்களோடு உருவானது எதனால் என்பது அதிலிருந்து கிடைப்பதில்லை. தொடுகோடு ஐயா கேட்ட இரண்டாம் கேள்விக்கு, இந்த வழியில் மட்டும் பார்த்தால், "முடியாது" என்பதே என் விடை.

#4 நாண்

ஒலியியல் துறையிலிருந்து ஒன்றைச் சேர்க்கிறேன். எரென்ஃபெஸ்ட் தம் கட்டுரையில் அலைகளையும் எடுத்துக்கொண்டார். என் பார்வையில் கோள்களின் கணக்கைவிட இதுவே ஆழமானது, ஏனென்றால் இங்கே எந்த விசை விதியையும் கருதிக்கொள்ள வேண்டியதில்லை. அலைச் சமன்பாடு ஒன்றே போதும்.

மூன்று பரிமாண வெளியில் ஒருவர் ஒருமுறை கைதட்டினால், அந்த ஒலி நம்மை அடைந்து, கடந்து, முடிந்துவிடுகிறது. சுவர்கள் எதிரொலிக்காவிட்டால் அதற்குப் பின் முழு அமைதி. இரண்டு பரிமாணங்களில் அப்படி நடக்காது. அலையின் முன்விளிம்பு உரிய நேரத்தில் வந்து சேரும்; ஆனால் அதன் பின்னே ஒரு வால் நீண்டு, மெல்ல மெல்லத் தேய்ந்துகொண்டே, முழுமையாக முடியாமல் தொடரும். இதற்குக் காரணத்தை மூன்று பரிமாணத்தில் நின்றே காணலாம். இரண்டு பரிமாண உலகில் ஒரு புள்ளியில் எழும் ஒலி, நம் உலகில் முடிவில்லாத நேர்க்கோடு ஒன்றின் எல்லாப் புள்ளிகளிலும் ஒரே கணத்தில் எழும் ஒலிக்குச் சமம். கோட்டின் அருகிலுள்ள பகுதியின் ஒலி முதலில் வரும், தொலைவிலுள்ள பகுதிகளின் ஒலி பின்னால் வந்துகொண்டே இருக்கும். பல கிலோமீட்டர் நீளும் மின்னலின் இடி உருண்டு உருண்டு கேட்பதில் பெரும்பங்கு இதே காரணத்தால்தான். குளத்து அலைகளை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது பொருந்தாது. நீர்ப்பரப்பில் வெவ்வேறு அலைநீளங்கள் வெவ்வேறு வேகத்தில் செல்வதால் அங்கே பரிமாணத்தின் விளைவு தனியாகத் தெரியாது.

வால் இல்லாமல் அலை செல்வது மூன்று, ஐந்து, ஏழு என மூன்றிலிருந்து தொடங்கும் ஒற்றைப்படைப் பரிமாணங்களில் மட்டும்தான். இரட்டைப்படையில் எப்போதும் வால் உண்டு. ஆனால் ஐந்திலும் ஏழிலும் அலை செல்லச் செல்ல அதன் வடிவம் மாறிவிடுகிறது. மூன்று பரிமாணங்களில் ஒரு புள்ளியிலிருந்து கிளம்பும் அலை, தூரத்துக்கு எதிர்த்தகவில் வலு குறைவதைத் தவிர, தன் வடிவத்தை அப்படியே காக்கிறது. கூர்மையும் வடிவமும் சேர்ந்து நிலைக்கும் இந்த இடத்தில்தான் நாம் பேசுகிறோம், பாடலைக் கேட்கிறோம், விண்மீனின் ஒளியிலிருந்து அது எப்போது எப்படி மின்னியது என்று படித்தறிகிறோம். இரண்டு பரிமாண உலகில் ஒவ்வொரு சொல்லின் மீதும் அதற்கு முன் சொல்லப்பட்ட எல்லாச் சொற்களின் வால்களும் படிந்துகொண்டே இருக்கும்.

#5 தொடுகோடு

மூவருக்கும் நன்றி. கூர்ங்கோணம் அவர்களின் எச்சரிக்கையை ஏற்கிறேன். ஆனால் எல்லா எடுத்துக்காட்டுகளும் மூன்றையே சுட்டுவது எனக்குச் சற்று ஐயத்தைத் தருகிறது. நாம் மூன்றில் வாழ்வதால் மூன்றுக்குச் சாதகமானவற்றை மட்டும் தேர்ந்தெடுக்கிறோமா? வேறு ஓர் எண் சிறப்புப் பெறும் துறைகள் இருந்தால் அறிந்தவர்கள் எழுத வேண்டுகிறேன். இன்னொன்று: அடுக்கு மிகச் சரியாக 2 தான் என்பது எவ்வளவு துல்லியமாகத் தெரியும்? 2.1 ஆக இருக்கக் கூடாதா என்று மாணவர்கள் கேட்பதுண்டு.

#6 வலைப்பின்னல்

எண்ணற்ற துகள்களின் கூட்டு நடத்தையை ஆராயும் புள்ளியியல் இயற்பியலில் முக்கியமான எல்லைகள் இரண்டும் நான்கும். மூன்று அவற்றுக்கு இடையில் அகப்பட்டிருப்பதால்தான் அங்கே கணக்கு மிகக் கடினமாகிறது.

போல்யா 1921 இல் நிறுவிய தேற்றத்திலிருந்து தொடங்கலாம். சதுரக் கட்டங்களின் சந்திப்பில் நிற்கும் ஒருவர், ஒவ்வோர் அடியிலும் சமவாய்ப்புடன் ஏதேனும் ஒரு திசையில் நகர்கிறார். ஒரு பரிமாணத்திலும் இரண்டு பரிமாணங்களிலும் அவர் என்றாவது ஒருநாள் தொடங்கிய இடத்துக்குத் திரும்புவது உறுதி. மூன்று பரிமாணங்களில் திரும்பும் நிகழ்தகவு ஏறத்தாழ 34 விழுக்காடு மட்டுமே; நான்கில் அது 19 விழுக்காட்டுக்கு இறங்குகிறது. அவர் சுற்றியிருக்கக்கூடிய பகுதியின் கொள்ளளவு பரிமாணத்தோடு வேகமாக வளர்வதால், தொடங்கிய புள்ளியைத் தற்செயலாகத் தொடும் வாய்ப்பு மெலிந்துவிடுகிறது.

காந்தத்தின் கதையும் இதே போக்கில்தான். சிறு காந்தங்கள் மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ மட்டும் இருக்கக்கூடிய எளிய மாதிரியை ஐசிங் 1925 இல் ஒரு பரிமாணச் சங்கிலியில் தீர்த்தார். தனிச்சுழி வெப்பநிலைக்கு மேல் எங்கும் அது காந்தமாவதில்லை. உயர் பரிமாணங்களிலும் இப்படியே இருக்கும் என்று அவர் எண்ணினார். பயர்ல்ஸ் 1936 இல் இரண்டு பரிமாணங்களில் நிலைமை வேறு என்று காட்டினார். சங்கிலியில் ஒரு நீண்ட துண்டைத் தலைகீழாக்க வேண்டுமானால் அதன் இரு முனைகளில் மட்டும் ஆற்றல் செலவாகும், துண்டு எவ்வளவு நீளமானாலும் செலவு ஒன்றுதான். ஆகவே வெப்பம் ஒழுங்கை எளிதில் சிதைத்துவிடும். தளத்தில் ஒரு திட்டைத் தலைகீழாக்கினால் அதன் சுற்றளவு முழுவதும் செலவாகும், திட்டு வளர வளரச் செலவும் வளரும். ஆகவே ஒழுங்கு தாக்குப்பிடிக்கிறது. ஆன்சாகர் 1944 இல் இரண்டு பரிமாண மாதிரியை முழுமையாகத் தீர்த்தார். மூன்று பரிமாண மாதிரிக்கு அப்படியொரு முழுத் தீர்வு இன்றுவரை இல்லை.

காந்தத்தன்மை மறைந்துபோகும் மாறுநிலை வெப்பநிலையை நெருங்கும்போது காந்தத்தன்மை மறையும் விதத்தைக் குறிக்கும் அடுக்கெண் இரண்டு பரிமாணங்களில் எட்டில் ஒன்று, நான்கிலும் அதற்கு மேலும் சரியாக இரண்டில் ஒன்று, மூன்றில் ஏறத்தாழ 0.326. நான்குக்கு மேல் எல்லாம் ஏன் எளிதாகிவிடுகிறது? போல்யாவின் தேற்றத்தில் கண்டதுபோன்ற தற்போக்கு நடையின் பாதை எவ்வளவு கோணலாக இருந்தாலும் கணிதப்படி அதற்கு இரண்டு பரிமாணங்கள் உண்டு. இரண்டு பாதைகள் ஒன்றையொன்று சந்திக்க வேண்டுமானால், இரண்டும் இரண்டும் நான்கு, வெளியின் பரிமாணம் அதற்குக் குறைவாக இருக்க வேண்டும். நான்கிலும் அதற்கு மேலும் அவை ஒன்றையொன்று தவறவிடுகின்றன. காந்தத்தின் ஏற்ற இறக்கங்களையும் இத்தகைய பாதைகளாகக் கருதலாம் என்பதால், அங்கே அவை தமக்குள் மோதிக்கொள்வதில்லை. மூன்றில் அவை மோதுகின்றன.

கென்னத் வில்சனும் மைக்கேல் ஃபிஷரும் 1972 இல் செய்தது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. பரிமாண எண்ணிக்கையை முழு எண்ணாக மட்டும் கருதாமல், தொடர்ச்சியாக மாறக்கூடிய ஓர் அளவாக எடுத்துக்கொண்டு, கணக்கு எளிதாக இருக்கும் நான்கிலிருந்து சற்றே கீழிறங்கி 3.99 பரிமாணங்களில் அடுக்கெண்களைக் கணக்கிட்டார்கள். அந்தச் சிறு விலகலை ஒன்று வரை நீட்டினால் நம் மூன்று பரிமாணக் காந்தங்களுக்கான எண்கள் சோதனையோடு நன்கு பொருந்தி வருகின்றன. 3.99 பரிமாண உலகம் எங்கும் இல்லை. ஆனாலும் இரும்பும் மாறுநிலையின் விளிம்பிலுள்ள நீர்மமும் எப்படி நடந்துகொள்கின்றன என்பதற்கான விடை அந்த வழியாகவே கிடைத்தது.

இரண்டு பரிமாணங்கள் ஆய்வகத்திலும் கைக்கெட்டுபவை. தளத்தில் எந்தத் திசையிலும் திரும்பக்கூடிய காந்தங்கள், தனிச்சுழிக்கு மேல், ஒரு திசையில் முழுமையாக ஒழுங்குபடுவதே இல்லை என்பது 1966 இல் மெர்மினும் வாக்னரும் நிறுவியது. இருந்தும் அங்கே சுழல்கள் இணையிணையாகக் கட்டுண்டும் பிரிந்தும் வேறு வகையான நிலைமாற்றம் ஒன்று நிகழ்கிறது என்று காஸ்டர்லிட்ஸும் தவ்லஸும் 1973 இல் காட்டினார்கள். அந்தப் பணிக்கு 2016 இல் நோபல் பரிசு கிடைத்தது. மெல்லிய ஹீலியப் படலங்களில் அதை 1978 இல் அளந்தும் பார்த்துவிட்டார்கள்.

#7 முடிச்சாளர்

வலைப்பின்னல் அவர்கள் எழுதிய "இரண்டும் இரண்டும் நான்கு" என்ற கணக்கே இடவியலிலும் எல்லையைப் போடுகிறது. ஒரு வளைகோடும் ஒரு வட்டத்தகடும் மூன்று பரிமாண வெளியில் பொதுவாக ஒரு புள்ளியில் வெட்டிக்கொள்ளும், ஏனென்றால் ஒன்றும் இரண்டும் மூன்று. நான்கு பரிமாணங்களில் அவை ஒன்றையொன்று தவிர்த்துச் செல்லலாம். ஆகவே கயிற்று முடிச்சு என்பது மூன்று பரிமாணங்களில் மட்டுமே இருக்கக்கூடியது. நான்கில் எந்த முடிச்சையும் கயிற்றை அறுக்காமலேயே அவிழ்த்துவிடலாம்.

அடுத்த படியாக இரண்டு வட்டத்தகடுகளை எடுத்துக்கொள்வோம். ஐந்திலும் அதற்கு மேலும் சிறிது அசைத்தாலே அவற்றைப் பிரித்துவிடலாம்; நான்கில் அவை புள்ளிகளில் வெட்டிக்கொண்டே இருக்கும். விட்னி கண்ட ஓர் உத்தி இந்தச் சுதந்திரத்தை நம்பியே இயங்குகிறது. ஸ்மேல் அந்த உத்தியின் துணையோடு, கோளத்தின் அடிப்படைப் பண்புகளைக் கொண்ட வடிவம் கோளமே என்னும் போன்கரேயின் கருத்தை ஐந்தும் அதற்கு மேலுமான பரிமாணங்களுக்கு 1961 வாக்கில் நிறுவினார். நான்குக்கு ஃப்ரீட்மன் 1982 இல் விடை கண்டார். போன்கரே முதலில் கேட்ட மூன்று பரிமாணக் கேள்வி 2002, 2003 ஆண்டுகளில் பெரெல்மான் வெளியிட்ட கட்டுரைகளால்தான் தீர்ந்தது. உயர்ந்த பரிமாணங்களில் இடம் தாராளமாக இருப்பதால் வடிவங்களை விருப்பம்போல் நகர்த்தலாம், தாழ்ந்த பரிமாணங்களில் வடிவங்களே குறைவு. மூன்றும் நான்கும் அகப்பட்டுக்கொள்கின்றன.

நான்கின் தனித்தன்மை இன்னும் ஆழமானது. சாதாரணமான தட்டை வெளியின் மீது நுண்கணிதம் செய்யும் முறை, நான்கைத் தவிர மற்ற எல்லாப் பரிமாணங்களிலும் ஒன்றே ஒன்றுதான். நான்கில் மட்டும் எண்ணித் தீராத அளவுக்கு வெவ்வேறு முறைகள் உண்டு என்று டௌப்ஸ் 1987 இல் நிறுவினார். இதற்கு வழி திறந்தது டொனால்ட்சன் 1983 இல் வெளியிட்ட பணி; அவர் பயன்படுத்திய கருவியோ துகள் இயற்பியலின் யாங்-மில்ஸ் சமன்பாடுகள். காலத்தையும் சேர்த்தால் நம் உலகுக்கும் நான்கு பரிமாணங்கள் என்பது உடனே நினைவுக்கு வரும். அந்த ஒற்றுமையைக் காரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதில் நான் கூர்ங்கோணத்தின் பக்கமே நிற்கிறேன்.

#8 எண்கோவை

தொடுகோடு ஐயாவின் ஐயத்துக்கு எண் கோட்பாட்டிலிருந்து ஒரு விடை: எட்டும் இருபத்துநான்கும்.

ஒரே அளவுள்ள கோளங்களை ஒரு கோளத்தைச் சுற்றி, அதைத் தொடும்படி அடுக்கினால், அதிகபட்சம் எத்தனை வைக்கலாம்? தளத்தில் 6. மூன்று பரிமாணங்களில் 12. நியூட்டனும் டேவிட் கிரிகோரியும் 1694 இல் விவாதித்த இந்த எண் 1953 இல்தான் முறையாக நிறுவப்பட்டது. நான்கில் 24. ஐந்தில் சரியான எண் இன்னும் நிறுவப்படவில்லை. 40 கோளங்களை வைக்கும் முறை மட்டும் தெரியும். அதற்குப் பின்னும் நீண்ட தூரம் இருள்தான், ஆனால் எட்டில் விடை சரியாக 240, இருபத்துநான்கில் சரியாக 1,96,560 என்று 1979 இல் நிறுவிவிட்டார்கள். பரிமாணம் கூடக் கூடக் கடினம் சீராகக் கூடுவதில்லை.

இந்த 1,96,560 எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை, ஏனென்றால் அதில் இராமானுசனின் கை இருக்கிறது. அவர் 1916 இல், கேம்பிரிட்ஜில் இருந்தபோது, டவ் சார்பு என்று இன்று அழைக்கப்படும் எண்வரிசையை ஆராய்ந்தார். முடிவில்லாத ஒரு பெருக்கத்தின் ஒவ்வோர் உறுப்பையும் 24 ஆம் அடுக்குக்கு உயர்த்தி விரித்தால் கிடைக்கும் கெழுக்கள் அவை: முதலாவது 1, இரண்டாவது கழித்தல் 24. ஒவ்வோர் எண்ணுக்கும் அதன் வகுஎண்களின் 11 ஆம் அடுக்குகளைக் கூட்டி, அதிலிருந்து டவ் மதிப்பைக் கழித்தால், விடை எப்போதும் 691 ஆல் மீதியின்றி வகுபடும் என்று அவர் கண்டார்.

அரை நூற்றாண்டுக்குப் பின், 1967 இல், ஜான் லீச் இருபத்துநான்கு பரிமாணங்களில் ஒரு லேட்டிஸை, அதாவது சீராகத் திரும்பத் திரும்ப அமையும் புள்ளிகளின் அமைப்பை, வெளியிட்டார். அதன் மையத்திலிருந்து ஒவ்வொரு தொலைவிலும் எத்தனை புள்ளிகள் உள்ளன என்பதற்கான சூத்திரம், மேலே சொன்ன கழித்தலின் விடையை 691 ஆல் வகுத்து 65,520 ஆல் பெருக்குவதுதான். எண் 1 க்குப் போட்டுப் பார்த்தால், 1 இலிருந்து 1 ஐக் கழிக்கச் சுழி: மையத்துக்கு மிக அருகிலுள்ள கூட்டில் (ஒரே தொலைவிலுள்ள புள்ளிகளின் அடுக்கில்) புள்ளியே இல்லை. எண் 2 க்கு வகுஎண்களின் கூட்டல் 1 + 2048, அதாவது 2049. கழித்தல் 24 ஐக் கழித்தால் 2073. அதை 691 ஆல் வகுத்தால் 3. மூன்றை 65,520 ஆல் பெருக்கினால் 1,96,560. முதல் கூடு காலியாக இருப்பதால்தான் கோளங்கள் பெரிதாக வளர இடம் கிடைத்து, இந்தக் கோள அடுக்குமுறை இவ்வளவு அடர்த்தியாகிறது.

வெளியைக் கோளங்களால் எவ்வளவு நெருக்கமாக நிரப்பலாம் என்னும் அடர்த்தி பற்றிய கேள்வியும் இதே வழியில் தீர்ந்தது. கடைகளில் பழங்களைக் குவிக்கும் முறையே மிக நெருக்கமானது என்று கெப்ளர் 1611 இல் மூன்று பரிமாணங்களுக்குச் சொன்னதை ஹேல்ஸ் 1998 இல் பெரும் கணினி உதவியோடுதான் நிறுவ முடிந்தது. எட்டுப் பரிமாணங்களுக்கு மரினா வியாசோவ்ஸ்கா 2016 இல் தந்த நிறுவல் சில பக்கங்களே நீண்டது; அதன் உயிர்நாடி இராமானுசன் புழங்கிய அதே மாடுலர் வடிவங்கள் (டவ் எண்வரிசையைத் தரும் சார்பு போன்ற, மிகுந்த சமச்சீர் கொண்ட சார்புகள்). ஒரு வாரத்துக்குள் அவர் கோன், அபினவ் குமார், மில்லர், ராட்சென்கோ ஆகியோருடன் சேர்ந்து இருபத்துநான்கையும் முடித்தார். 2022 இல் அவருக்கு ஃபீல்ட்ஸ் பதக்கம் வழங்கப்பட்டது.

இயற்பியலுக்கும் இந்த 24 க்கும் தொடர்பு உண்டு. நாம் பேசிய கோட்பாடுகள் எல்லாவற்றிலும் பரிமாண எண்ணிக்கை நாம் கொடுக்கும் தரவு. அடிப்படைத் துகள்களை அதிரும் நுண்ணிழைகளாகக் கருதும் கோட்பாட்டின் எளிய வடிவமான போசான் இழைக் கோட்பாட்டில் அது கணக்கின் விடை. இழை அதிரக்கூடிய குறுக்குத் திசைகளின் எண்ணிக்கையை 24 ஆல் வகுத்தால் ஒன்று வர வேண்டும் என்று சார்பியலோடான ஒத்திசைவு கட்டாயப்படுத்துகிறது. குறுக்குத் திசைகள் 24, காலவெளிக்கு 26. அந்த நிபந்தனைக்குள் இருப்பது 1 + 2 + 3 என்று முடிவின்றி நீளும் தொடருக்குக் கழித்தல் பன்னிரண்டில் ஒன்று என்ற மதிப்பு. இராமானுசன் 1913 இல் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் அதே மதிப்பு இருக்கிறது. மீச்சீர்மை (போசான், ஃபெர்மியான் என்னும் இரு வகைத் துகள்களை இணைக்கும் சமச்சீர்) கொண்ட இழைகளுக்குப் பரிமாணம் 10. இரண்டில் எதுவும் நான்கு இல்லை.

#9 ஊசல்

2.1 பற்றிய கேள்விக்கு வருகிறேன். புதன் கோளின் பாதை நூற்றாண்டுக்கு 43 வில்விநாடி கூடுதலாகத் திரும்புவதை விளக்க, ஆசாஃப் ஹால் 1894 இல் அடுக்கை 2.00000016 என்று திருத்திப் பார்த்தார். நிலவின் இயக்கம் அந்தத் திருத்தத்தை ஏற்கவில்லை. 1915 இல் ஐன்ஸ்டைன் வேறு வழியில் அந்த 43 ஐ விளக்கினார். மின்விசையில் சோதனை இன்னும் கடுமையானது: 1971 இல் வெளியான அளவீட்டின்படி அடுக்கு இரண்டிலிருந்து விலகினால் அந்த விலகல் பதினாறாம் தசம இடத்தின் அளவில்தான் இருக்க முடியும். 2.1 ஆக இருந்தால், ஏறத்தாழ வட்டமான எந்தப் பாதையும் ஒவ்வொரு சுற்றுக்கும் 19 பாகைக்கு மேல் திரும்பிவிடும்.

ஆனால் இந்தச் சோதனைகள் எல்லாம் குறிப்பிட்ட தொலைவுகளுக்கு மட்டுமே பேசுகின்றன. கலுசா 1921 இல் வெளியிட்ட ஐந்து பரிமாணக் கோட்பாட்டில் ஈர்ப்பும் மின்காந்தமும் ஒன்றாகின. கூடுதல் பரிமாணம் மிகச் சிறிய வட்டமாகச் சுருண்டிருந்தால் நமக்குத் தெரியாது என்று கிளைன் 1926 இல் சேர்த்தார். அத்தகைய பரிமாணத்தின் அளவைவிட மிகத் தொலைவில் இருமடி விதி மாறாமல் நிற்கும், அதைவிடக் குறுகிய தொலைவில் அடுக்கு கூடும். 1998 இல் அர்கானி-ஹமேத், டிமோபூலஸ், டுவாலி ஆகிய மூவரும், இரண்டு கூடுதல் பரிமாணங்கள் மில்லிமீட்டர் அளவுக்குக்கூட இருக்கலாம், ஈர்ப்பை அவ்வளவு குறுகிய தொலைவில் எவரும் சோதித்ததில்லை என்று சுட்டிக்காட்டினார்கள். அப்படியானால் அங்கே நான்மடி விதி தெரிய வேண்டும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் முறுக்குத் தராசைக் கொண்டு அதைத் தேடினார்கள். 2020 இல் வெளியான முடிவின்படி 52 மைக்ரோமீட்டர் வரை நியூட்டன் விதியே நிற்கிறது.

மறுமுனையில், 2017 ஆகஸ்ட் 17 அன்று இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் இணைந்ததிலிருந்து வந்த ஈர்ப்பு அலை இருக்கிறது. அதன் வலு, மூன்று பரிமாணங்களில் எதிர்பார்ப்பதுபோலத் தூரத்துக்கு எதிர்த்தகவில் குறைந்திருந்தால் எவ்வளவு தூரம் என்று கணக்கிடலாம். அந்த விண்மீன் மண்டலத்தின் தொலைவை ஒளியைக் கொண்டு தனியாக அளக்கலாம். இரண்டும் ஏறத்தாழ 13 கோடி ஒளியாண்டு என்று ஒத்துப்போயின. வழியில் அலை வேறு பரிமாணத்துக்குள் கசிந்ததற்கான அடையாளம் இல்லை.

#10 கூர்ங்கோணம்

எண்கோவை அவர்களின் பதிவு என் தயக்கத்தைக் கூர்மையாக்கியிருக்கிறது. பரிமாணத்தை விடையாகத் தரும் கோட்பாடு நம்மிடம் உண்டு, ஆனால் அது தரும் விடை மூன்று அன்று; எஞ்சியவற்றைச் சுருட்டி மறைக்க வேண்டியிருக்கிறது. எத்தனை சுருளும், எத்தனை விரியும் என்பதை அந்தக் கோட்பாடு இன்னும் கட்டாயப்படுத்தவில்லை. ஆகவே மாணவர்களிடம், வெளி மூன்று பரிமாணங்கள் கொண்டது என்பது அளந்தறிந்த உண்மை என்றும், அது 52 மைக்ரோமீட்டர் முதல் 13 கோடி ஒளியாண்டு வரை சோதிக்கப்பட்டது என்றும் சொல்லலாம். கோள்கள், அணுக்கள், ஒலி ஆகியவை இன்றுள்ளபடி இருப்பது அந்த உண்மையைச் சார்ந்தது என்றும் சொல்லலாம். "ஏன் மூன்று" என்பதற்கு விடை கிடைத்துவிட்டது என்று மட்டும் சொல்ல வேண்டாம்.

#11 தொடுகோடு

அப்படியே சொல்வேன். எரென்ஃபெஸ்ட்டின் கோள் கணக்கை மாணவர்களே கணினியில் செய்து பார்க்க, விசையின் அடுக்கை 2, 2.5, 3 என்று மாற்றி வரைபடம் வரையும் பயிற்சி ஒன்றைத் தயாரிக்க எண்ணுகிறேன். கவனிக்க வேண்டியவை இருந்தால் தெரிவிக்கவும்.

#12 ஊசல்

கணக்கிடும் முறையில் கவனம் வேண்டும் ஐயா. படியின் தொடக்கத்திலுள்ள வேகத்தையும் விசையையுமே படி முழுவதற்கும் எடுத்துக்கொள்ளும் எளிய ஆய்லர் முறையில் ஒவ்வொரு படியிலும் ஆற்றல் சிறிது கூடிக்கொண்டே போவதால், இருமடி விதியிலும் பாதை மெல்ல விரியும். மாணவர்கள் அதைக் கண்டு மூன்று பரிமாணப் பாதையும் நிலையற்றது என்று எண்ணிவிடுவார்கள். நிலையையும் வேகத்தையும் அரைப்படி மாற்றி மாற்றிக் கணக்கிடும் லீப்ஃபிராக் முறையைப் பயன்படுத்துங்கள். ஆற்றல் நீண்ட நேரத்துக்குக் கட்டுக்குள் இருக்கும். முதலில் சரியான வட்டப்பாதைக்குரிய வேகத்தைக் கொடுத்து, பின் அதை ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டும் கூட்டியும் குறைத்தும் ஓட்டச் சொல்லுங்கள். அடுக்கு 2 இல் கிட்டத்தட்ட வட்டமான நீள்வட்டம் வரும். 2.5 இல் பாதை நிலையாக இருந்தாலும் மூடாது. மிக அருகிய புள்ளியிலிருந்து மிகத் தொலைவான புள்ளிவரை ஏறத்தாழ 255 பாகை செல்லும். 3 இல் கூட்டினால் கோள் வெளியே போய்விடும், குறைத்தால் மையத்தில் விழும். விழும்போது வேகம் எல்லையின்றி ஏறுவதால், மையத்திலிருந்து ஒரு குறிப்பிட்ட தூரத்துக்குள் வந்ததும் நிரலை நிறுத்திவிட வேண்டும்.